துருவும் ஒரு பாடம்

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில், செயல்வழிக் கற்றல் அமர்வில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு சரக்கு ரயில் வேகனின் மாதிரி. அளவு ஒரு சாண் கூட இல்லை. காலையில் இதை மேசை மேல் வைத்தபோது நம் தோழர் ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், ரொம்ப அழுக்கா இருக்கே, ஈரத்துணியால துடைச்சிரலாமா?" என்று கேட்டார். துடைக்கவில்லை, நல்லவேளை! இந்த அழுக்கைப் பூசுவதற்கு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மூன்று நாள் ஆனது. அந்த அழுக்கு எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மாதிரி ரயில் அமைப்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. தண்டவாளம், நிலையம், பாலம், ஊர் எல்லாவற்றையும் மேசை மேல் அளவு குறையாமல் சுருக்கி அமைப்பார்கள். பெட்டிகளும் வேகன்களும் உதிரித் துண்டுகளாக, 'கிட்' என்ற பெயரில் கடையில் கிடைக்கும். ஒட்டிச் சேர்த்து, வண்ணம் தீட்டி, கடைசியில் அதைப் பழசாக்குவார்கள். ஓடித் தேய்ந்த வண்டி போலத் துரு, தூசி, கரி எல்லாம் ஏற்றுவார்கள். அமெரிக்காவில் ஜான் ஆலன் என்பவர் இந்தப் பழசாக்கும் கலையின் முன்னோடிகளில் ஒருவர். கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் தம் வீட்டுக்குக் கீழே ஒரு மலைநாட்டு ரயில்பாதையையே அமைத்திருந்தார். 1973இல் அவர் காலமான சில நாட்களிலேயே அது தீயில் அழிந்துபோனது. ஆனால் அவர் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து இன்றும் பலர் கற்றுக்கொள்கிறார்கள்.

நம் பள்ளிக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

விகிதம் என்ற பாடத்தை ஆறாம் வகுப்பிலேயே நடத்திவிடுகிறோம். பிள்ளைகள் கணக்கும் போட்டுவிடுவார்கள். ஆனால் விகிதம் கைக்குள் வருவதில்லை. உலகில் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவு 'எச்.ஓ.' எனப்படும் 1:87. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018 வரை தயாரித்த வழக்கமான வகைப் பெட்டி 21,337 மி.மீ. நீளம், 3,245 மி.மீ. அகலம். 87ஆல் வகுத்தால் நீளம் சுமார் 245 மி.மீ., அகலம் சுமார் 37 மி.மீ. ஒரு மாணவி தன் நோட்டில் இந்தக் கட்டத்தை வரைந்து, பக்கத்தில் ஒரு மனிதரையும் வரைந்தாள். 174 செ.மீ. உயரமுள்ளவர் அங்கே சரியாக 2 செ.மீ. "சார், நீங்க என் சுண்டுவிரல் பாதிகூட இல்ல" என்றாள். அன்றுதான் அவளுக்கு விகிதம் புரிந்தது.

அடுத்து இன்னொரு கேள்வி வந்தது. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இதை 87ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. வருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் பாதையின் அகலம் அது. நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ. அப்படியானால் நமக்கு 19.3 மி.மீ. தண்டவாளம் வேண்டும். கடையில் 16.5தான் கிடைக்கிறது. பெட்டியைச் சுருக்குவதா? தண்டவாளத்தை நாமே போடுவதா? கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிடுவதா? ஒரு பாடவேளை முழுவதும் வாதாடினார்கள். கடைசியில் வண்டி ஓட வேண்டும் என்ற கட்சி வென்றது. விட்டுக்கொடுத்த அளவு எவ்வளவு என்பதை அட்டையில் எழுதி மாதிரியின் அருகில் வைத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இனி செய்முறைக்கு வருகிறேன். கற்றுக்கொள்வதற்காக நான் ஒரே ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கினேன். அவசரத்தில் செய்முறைத் தாளைப் படிக்காமல் ஒட்டினேன். அந்தப் பசை சாதாரணப் பசை அல்ல. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். அதனால் பிரிக்கவும் முடியவில்லை, என் கட்டைவிரல் ரேகையும் பக்கவாட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. பெட்டி கொஞ்சம் முறுக்கிக்கொண்டதால் ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. வளைவில் தடம் புரண்டது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அன்று கற்ற மூன்று விதிகளைச் சொல்கிறேன். முதலாவது, பசை போடுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள். இரண்டாவது, மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். மூன்றாவது, இரண்டு போகிகளில் ஒன்றை இடவலமாகத் திரும்ப மட்டும் விடுங்கள். மற்றொன்றைத் திரும்பவும் லேசாகச் சாயவும் விடுங்கள். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும் அல்லவா? அதே தத்துவம்தான். வேகன் மூன்று புள்ளிகளில் உட்காரும்போது எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொடும். எடை குறைவாக இருந்தால் தரைமட்டத்தில் இரும்பு வாஷர்களை ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் கவிழும். ஈர்ப்பு மையத்துக்கு இதைவிட நல்ல செயல்விளக்கம் என்னிடம் இல்லை.

கிட் விலை அதிகம். எனவே பிள்ளைகளுக்கு நாங்களே அட்டையில் கிட் தயாரித்தோம். எங்கள் ஊர் கூட்ஸ் ஷெட்டுக்கு சிமெண்ட், உரம் கொண்டுவரும் மூடிய வேகன்தான் மாதிரி. அதன் உடல் நீளம் சுமார் பதினான்கரை மீட்டர். சுருக்கினால் 167 மி.மீ. நோட்டு அட்டையில் வெட்டிய பக்கங்கள், மெல்லிய அட்டைக் கீற்றில் விலா எலும்பு போன்ற தாங்கிகள், தீர்ந்த பேனா ரீஃபிலில் பிரேக் சிலிண்டர், ஊசியின் காதளவு கம்பியில் கைப்பிடி. சக்கரங்களை மட்டும் வாங்கினோம், அவை துல்லியமாக இருந்தால்தான் உருளும். ஒரு மாணவன் 1 மி.மீ. தடிமன் அட்டையில் கதவு வெட்டினான். பக்கத்திலிருந்தவள், "அசல் வேகன்ல இது 8.7 சென்டிமீட்டர் தகடு. யாரு திறப்பா?" என்று கேட்டாள். அவன் மெல்லிய அட்டைக்கு மாறினான்.

ஓர் எச்சரிக்கை. எங்கள் முதல் வேகன் வண்ணம் பட்டதும் அப்பளம் போல வளைந்துவிட்டது. அட்டை ஈரத்தைக் குடித்துவிடும். வெள்ளைப் பசையை நீரில் கரைத்து உள்ளும் புறமும் இரண்டு பூச்சு பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணம் தீட்ட வேண்டும்.

வேகனின் பக்கவாட்டில் பதினொரு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு உரிமையுள்ள ரயில்வே, அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு, அடுத்த நான்கு வரிசை எண். பதினொன்றாவது சரிபார்ப்பு இலக்கம். முதல் பத்து இலக்கம் 3106082145 என்று வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 21, அதை மூன்றால் பெருக்கினால் 63. ஒற்றை இடங்களின் கூடுதல் 9. மொத்தம் 72. அடுத்த பத்தின் மடங்கான 80ஐ எட்ட 8 வேண்டும். எனவே கடைசி இலக்கம் 8. வாய்க்கு வந்த எண்ணை எழுதிய குழுக்களை மற்றக் குழுக்கள் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டன. இந்த எண்ணிலேயே அடுத்த பாடமும் இருக்கிறது. 2008இல் செய்த வேகன் இத்தனை ஆண்டு வெயிலிலும் மழையிலும் ஓடியபின் கடையில் வாங்கியது போலப் பளபளப்பாக இருக்குமா?

இங்கிருந்து பழசாக்கும் வேலை தொடங்கியது. நிலைய மேலாளரிடம் அனுமதி பெற்று, நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று மட்டும் பார்த்தோம். ஆளுக்கொரு நோட்டு. 'துரு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை' என்று மட்டும் எழுதச் சொன்னேன். பிள்ளைகள் எழுதி வந்தவை இவை. துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தண்ணீர் தேங்கும் மூலையிலும், வண்ணம் உரிந்த விளிம்பிலும், இணைப்புகளிலும் அதிகம். அங்கிருந்து கீழ்நோக்கிக் கோடாக வழிகிறது. சக்கரத்தின் பக்கம் பழுப்பாக இருக்கிறது, தண்டவாளத்தைத் தொடும் ஓரம் மட்டும் வெள்ளி போல மின்னுகிறது. "ஏன் சார் அங்க மட்டும் துரு இல்ல?" என்றான் ஒருவன். இரும்பு, ஆக்சிஜன், நீர் என்று கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒருமுறைகூட வந்ததில்லை.

செய்முறை எளிது. ஒளிராத ஆக்சைடு சிவப்பு நிறத்தை அடிப்படையாகப் பூசுங்கள். பளபளப்பான எனாமல் மேல் தூள் ஒட்டாது. காய்ந்ததும் அடர்பழுப்பு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுப் பூசுங்கள். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் வண்ணம் மணிமணியாக நிற்காமல் இடுக்குகளில் இறங்கும். பின் தூரிகையில் வண்ணத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடான விளிம்புகளில் மட்டும் தேயுங்கள். துரு வழிந்த கோட்டுக்கு ஒரு புள்ளி வைத்து, ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பக்கவாட்டில் இழுக்காதீர்கள், மழை அப்படி ஓடாது. கடைசியாகத் தூசி. அதற்கு நம்மிடம் இல்லாத பொருளா? வண்ணச் சுண்ணக்கட்டியைச் சுரண்டிய தூளும் அடுப்புக்கரித் தூளும் போதும். மென்மையான தூரிகையால் சக்கரப் பகுதியிலிருந்து மேல்நோக்கிக் குறைத்துக்கொண்டே போங்கள். தூளைச் சுரண்டும்போது முகக்கவசம் அவசியம். எங்கே நிறுத்துவது என்பதுதான் கடினம். போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள்.

இப்போது என் தவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு மாணவன். வாரத்தில் இரண்டு நாள் வருவான், கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அவனுடைய அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குபவர். இந்த வேலை தொடங்கியபின் தினமும் வந்தான். எல்லோரும் வேகன் முழுக்கத் துரு ஏற்றியபோது, அவன் கதவைச் சுற்றி மட்டும் வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூளைத் தேய்த்தான். கதவின் கீழ் விளிம்பில் வண்ணத்தைச் சுரண்டி எடுத்தான். பக்கவாட்டில் மங்கலாகக் கைரேகை போல ஏதோ வைத்தான். கண்காட்சிக்கு முந்தைய மாலை நான் அதைப் பார்த்தேன். நடுவர்கள் அழுக்கு என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள் என்று பயந்தேன். எல்லோரும் போனபின் நானே உட்கார்ந்து, அதன்மேல் சீராகச் சிவப்பு வண்ணம் அடித்தேன். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவன் பார்த்தான். கோபப்படவில்லை. "சார், இது எங்கப்பா இறக்குற வேகன் இல்ல" என்றான். பிறகுதான் சொன்னான். வெள்ளை, கதவைத் திறக்கும்போது சிந்தும் சிமெண்ட். சுரண்டிய இடம், மூட்டைகள் உரசி உரசி வண்ணம் போன இடம். கைரேகை, வெயிலில் இறக்குபவர்கள் மூச்சு வாங்கச் சாயும் இடம். எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டான். வேகனைத் தொடவில்லை.

நான் அழித்தது வண்ணத்தை அல்ல. அந்த வகுப்பில் அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்திருந்த பாடத்தை அழித்தேன். கண்காட்சிக்கு முந்தைய இரவு நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளின் வேலையை 'சரி' செய்திருக்கிறோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அடுத்த வாரம் வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தூரிகையைக் கொடுத்தேன். இரண்டு நாள் வாங்கவில்லை. மூன்றாம் நாள் வாங்கினான். என் கையில் இருப்பது அந்த வேகன்தான். வெள்ளையை இப்போது பாருங்கள்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பென்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. ராய் இங்லண்ட் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அந்த வட்டாரத்துக் குடிசைகளும் வயல்களும் மாறிக்கொண்டே போவதைப் பார்த்து, அவற்றை மாதிரிகளாகவாவது காப்பாற்ற வேண்டும் என்று 1954இல் தொடங்கியது அது. நமக்கும் அப்படி மறைந்தவை உண்டு. சென்னை எழும்பூர்–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்வண்டி 1931இல் தொடங்கி 2004 வரை ஓடியது. நம் மாணவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவராவது இருப்பார். அவரை வகுப்புக்கு அழையுங்கள். பெட்டியின் நிறம், இருக்கை, மணியோசை எல்லாம் அவர் சொல்வார். பிள்ளைகள் அதை அட்டையில் எழுப்பட்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக நான்கு சொல்கிறேன். ஐந்து பேருக்கு ஒரு வேகன், அதற்கு மேல் வேண்டாம். கத்தி ஆசிரியர் கையில், கத்தரிக்கோல் பிள்ளைகள் கையில். கரைப்பான் பசையைத் தவிருங்கள். வெள்ளைப் பசை போதும். மதிப்பிடும்போது எவ்வளவு அழகு என்று கேட்காதீர்கள். 'இந்தக் கறை ஏன் இங்கே?' என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

இந்த வேகனை இப்போது சுற்றி அனுப்புகிறேன். அடிப்பக்கத்தைப் பிடித்துப் பாருங்கள், பக்கவாட்டைத் தொட்டால் தூள் கையில் ஒட்டும். திருப்பிக் கொடுக்கும்போது யாரும் துடைத்துவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாலையில் இதை அவனிடம் ஒப்படைக்க வேண்டும்.