பிரம்பு வேண்டாம், விளையாட்டே போதும்!

(கீழத்தஞ்சைக் கிராமம் ஒன்றில், மழைக்கால மாலையில், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டது. நடவு முடிந்த வயலில் களை எடுக்கப் போகிறவர்கள் போகிறீர்கள். மழை வலுத்தால் அந்தக் கூலியும் இல்லை. ஆலைக்குப் போகிறவர்கள் ஷிப்டு முடிந்து நனைந்துகொண்டு வீடு திரும்புகிறீர்கள். வீட்டுக்குள்ளே என்ன நிலைமை? மூன்று வயதும் நாலு வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகள் வெளியே ஓட முடியாமல், ஒரே அறையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். பானையை உருட்டுகிறார்கள். தம்பி தங்கையை அடிக்கிறார்கள். "சும்மா கிட" என்று நாமும் முதுகில் ஒன்று வைக்கிறோம்.

இந்த மழைக்காலத்தில் தினம் ஒரு கால் மணி நேரத்தை அந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்கவே இன்று வந்திருக்கிறோம். காசு கேட்கவில்லை. பொம்மை, புத்தகம் வாங்கச் சொல்லவில்லை. கால் மணி நேரமும், சாணம் மெழுகிய தரையும், ஒரு சுண்ணாம்புக் கட்டியும் இருந்தால் போதும்.

எழுத்து நமக்கு எட்டாமல் போனது எப்படி?

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தத் தஞ்சைச் சீமையில் எழுத்து யாருடைய சொத்து? திண்ணைப் பள்ளிக்கூடம் ஊருக்கு ஊர் இருந்தது. ஆனால் பண்ணையாளின் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. அவன் மிராசுதாரின் மாட்டுக்குப் பின்னால் போனான். தகப்பனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும். பிள்ளைக்கு மாட்டுக் கொட்டில். செங்கொடியின் கீழ் நம்மவர்கள் திரண்டு போராடியபின், 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருக்கும் மனையை நமக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க எத்தனை பேரால் முடிந்தது? உரிமை கைக்கு வந்தபிறகும் கட்டைவிரலில் மை ஒட்டிக்கொண்டுதானே இருந்தது?

1951-ல் இந்தியாவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்து தெரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர். பெரிய மாற்றம்தான். மிச்சம் இருக்கும் இருபது பேர் யார் யார் என்று கேட்டால், தேடி அலைய வேண்டியதில்லை. நம் தெருவிலேயே கை காட்டலாம்.

இன்று பள்ளிக்கூடக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் பிள்ளை அங்கே போய் நிற்கும்போது என்ன ஆகிறது? வசதியான வீட்டுப் பிள்ளை படம், புத்தகம், எழுத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருகிறது. நம் பிள்ளை எழுத்தை முதல் தடவையாக அங்கேதான் பார்க்கிறது. முதல் நாளே பின்தங்கிவிட்டால், 'மக்கு' என்ற பட்டம் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பட்டத்தைச் சுமக்க முடியாமல்தான் பல பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே இங்கே நாம் பேசுவது விளையாட்டைப் பற்றி என்றாலும், இது விளையாட்டுக் காரியம் அல்ல.

மணலில் பிறந்த முறை

"நானே கைநாட்டு. நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். அவரிடம் ஒன்று கேட்டோம்: "மார்கழியில் வாசலில் போடுகிறீர்களே சிக்குக் கோலம், அதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்?" அவர் சிரித்துவிட்டார். புள்ளி பிசகாமல், கோடு அறுபடாமல், வளைவு வளைவாக இழுக்கிற கைக்கு 'அ' எம்மாத்திரம்? தமிழ் எழுத்தும் வளைவும் கோடும் புள்ளியும்தானே! வித்தை கையில் இருக்கிறது. பெயர்தான் தெரியவில்லை.

உடம்பால் எழுத்துப் படிப்பது நமக்குப் புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் பழகினார்கள். 1706-ல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றது எப்படி? உள்ளூர் வாத்தியாரின் பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரல் வைத்து எழுதிப் பழகினார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்படியும் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதறாஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவியது. நம் மண்ணின் மணல் கடல் தாண்டிப் போயிருக்கிறது! ஆனால் பக்கத்துச் சேரிக்குள் அதை வரவிடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1907-ல் இத்தாலி நாட்டு ரோம் நகரில், சான் லொரன்சோ என்ற தொழிலாளர் பகுதியில், மரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டர் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகள்தான் அங்கே வந்தவர்கள். சொரசொரப்பான காகிதத்தில் வெட்டிய எழுத்துக்களை அவர்கள் விரலால் தடவித் தடவி, தாமாகவே எழுதத் தொடங்கினார்கள். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிப் பெருந்தொகை வாங்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அந்த முறை முளைத்தது கூலிக்காரன் பிள்ளைக்காக. அதை நாம் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிகளிலும் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், ஆடிப் பாடிப் படிப்பதையே முன்வைத்தன. ஆகவே நாம் வீட்டில் செய்வது பள்ளிக்கு எதிரானது அல்ல, பள்ளிக்குத் துணை.

காது, கால், கை

இந்த மூன்று சொல்லை மட்டும் மனதில் வையுங்கள். முதலில் காது, பிறகு கால், கடைசியில் கை. நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்கிறோம். நாலு வயதுப் பிள்ளையின் பிஞ்சு விரலில் பல்பத்தைத் திணித்து "எழுது" என்கிறோம். விரல் இன்னும் உறுதிப்படவில்லை. கோடு கோணுகிறது. அடி விழுகிறது. அன்றோடு எழுத்தென்றால் பிள்ளைக்குப் பயம்.

முதலாவது, காது விளையாட்டு. இதற்கு எழுத்தே தெரியவேண்டாம். "ப, ப... பாய்!" என்று சொல்லுங்கள். பிள்ளை ஓடிப்போய்ப் பாயைத் தொடவேண்டும். "பானை!" பானையைத் தொடவேண்டும். பிறகு நீங்கள் பொருளைச் சொல்லாமல், "ப-வில் தொடங்குவது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பாய், பானை, படி, பலகை என்று பிள்ளை தானே தேடி ஓடும். முறம், மூட்டை, மண்வெட்டி 'ம'வுக்கு. குடம், கூடை, கயிறு 'க'வுக்கு. நம் குடிசையே ஒரு பாடப் புத்தகம்தான். சொல்லின் முதல் சத்தத்தைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தச் சத்தத்துக்கு ஓர் உருவம் உண்டு என்று பின்னால் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, கால் விளையாட்டு. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பிள்ளை நடக்கிற அளவுக்குப் பெரிதாக ஓர் எழுத்தைப் போடுங்கள். எங்கே தொடங்கவேண்டுமோ அங்கே ஒரு புள்ளி. பிள்ளை அந்தக் கோட்டின் மேலேயே, வரப்பில் நடப்பதுபோல், ஓர் அடிக்குப் பின் ஓர் அடி வைத்து நடக்கட்டும். எழுத்து என்பது வெறும் உருவமல்ல. அது ஒரு பாதை. எங்கே புறப்பட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று கால் கற்றுக்கொண்டதை, நாளைக்குக் கை மறக்காது.

பாண்டி விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்து எழுதுங்கள். சில்லு எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்த எழுத்தைக் கூவிக்கொண்டு நொண்டவேண்டும். வட்டமாக உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓடும் விளையாட்டில், துணிக்குப் பதில் எழுத்து அட்டையைப் போடுங்கள். பழைய காலண்டர் அட்டை இதற்குப் போதும்.

உடம்பாலேயே எழுதலாம். முதுகை நிமிர்த்தி, காலை நீட்டி ஒரு பிள்ளை உட்கார்ந்தால் அது 'ட'. பார்ப்பவருக்கு வலப்பக்கமாகக் கால் நீளவேண்டும், அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகள் எதிரெதிராக உட்கார்ந்து, பாதத்தோடு பாதம் ஒட்டினால் அது 'ப'. எங்கள் மாலை வகுப்புக்கு வந்த ஓர் ஐந்து வயதுப் பையன், சிலேட்டைக் கண்டாலே தாயின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வான். அடி வாங்கிய பிள்ளை. இந்த விளையாட்டில் அவனை 'ட'வாக உட்காரவைத்தோம். இரண்டு நாள் கழித்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, காலை நீட்டிக்கொண்டு, "அம்மா, நான்தான் ட!" என்றானாம். சொல்லும்போது அந்தத் தாயின் கண் நிறைந்துவிட்டது.

மூன்றாவது, கை விளையாட்டு. முறத்தில் உமியோ தவிடோ பரப்பி விரலால் எழுதட்டும். தரையில் போட்ட எழுத்தின் மேல் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கட்டும். தப்பானால் ஒரு தட்டு தட்டினால் அழிந்துவிடும். பிள்ளைக்குத் தோற்றோம் என்ற எண்ணமே வராது. பல்பம் அதற்குப் பிறகு வரட்டும்.

247 எழுத்து என்று மலைக்க வேண்டாம்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. கேட்டாலே மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் 247 உருவத்தைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. அடிப்படை உருவங்கள் சுமார் முப்பதுதான். மற்றவை பெரும்பாலும் துணைக்காலும் கொம்பும் கொக்கியும் சேர்ந்து வருபவை. 1978-ல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின், ணா, றா, னா, லை, னை முதலியவையும் இந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டன. 'கு, சு, டு, து' என்ற உகர வரிசைதான் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பிள்ளை 'ப' அட்டையைப் பிடித்து நடுவில் நிற்கட்டும். துணைக்கால் அட்டை வைத்திருக்கும் பிள்ளை எழுத்தின் வலப்பக்கம் ஓடிவந்து நின்றால் 'பா'. ஒற்றைக்கொம்புப் பிள்ளை இடப்பக்கம் நின்றால் 'பெ'. இருவரும் இரண்டு பக்கமும் நின்றால் 'பொ'. எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லவேண்டும். ப, ட என்ற இரண்டு உருவம், ஒரு புள்ளி, ஒரு துணைக்கால். இவ்வளவு தெரிந்த பிள்ளை என்ன எழுதும் தெரியுமா? 'பட்டா' என்று எழுதும்! பாட்டனால் படிக்க முடியாத சொல்லைப் பேரன் விளையாடிக்கொண்டே எழுதுவான்.

நாம் கவனிக்கவேண்டியவை

ஒன்று: அடி கூடாது. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. வீட்டில் மட்டும் அடிக்கலாமா?

இரண்டு: பிள்ளை போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். நாளை தானே கேட்கும்.

மூன்று: அரிவாள், அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு இவற்றை ஒதுக்கிவிட்டு விளையாடவிடுங்கள். சின்னஞ்சிறு குழந்தை கைக்குப் புளியங்கொட்டை போகவேண்டாம். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும்.

நான்கு: அக்காள் சொல்லிக் கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளின் பள்ளியை நிறுத்தாதீர்கள். ஒரு பிள்ளையின் எழுத்தைப் பிடுங்கி இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது நியாயமல்ல.

ஐந்து: தகப்பன்மார்களே, இது பெண்கள் வேலை என்று வெளியே போய் உட்காராதீர்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்தால்தான் பிள்ளை இதைப் பெரிய காரியம் என்று நினைக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. 2009 சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் கல்வியை உரிமை என்கிறது. மூன்று முதல் ஆறு வயது வரை அங்கன்வாடிதான் நம் பிள்ளைகளுக்குக் கதி. 1975-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நல்ல கட்டிடமும், ஒழுகாத கூரையும், ஊழியருக்கு ஒழுங்கான சம்பளமும், பிள்ளைகள் ஓடி ஆட இடமும் வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். வீட்டில் நாம் விளையாடுகிறோம் என்பதற்காக சர்க்காரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. இரண்டும் சேர்ந்து நடக்கவேண்டும்.

நாற்றங்காலில் சீராக வளர்ந்த நாற்றுத்தான் வயலில் வேர் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இன்று இரவே தொடங்குங்கள். மழை பெய்துகொண்டிருக்கட்டும். தரையில் ஓர் எழுத்தைப் போடுங்கள். பிள்ளை அதன் மேல் நடக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடங்கள். தைக்குள் உங்களுக்கும் எழுத்து வந்துவிடும். அடுத்த கூட்டத்தில் வருகைப் புத்தகத்தை நீட்டும்போது, மைப்பெட்டியை நாங்கள் கொண்டுவர மாட்டோம். பேனாவை மட்டும்தான் கொண்டுவருவோம்!