பழைய கமராவும் புதிய கடமையும்
(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சமயமும் தமிழும் பேசவேண்டிய மேடையில் கமரா வாங்குவது பற்றிப் பேச வந்துவிட்டோமே என்று பெரியோர் சிலர் நினைக்கலாம். திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு இவ்விஷயத்தின் அவசியத்தை அதிகம் விளக்கவேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். 1956 ஆம் ஆண்டிலே மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமிமலை அடிக்கடலில் மூழ்கி, அங்கே கிடந்த இடிபாடுகளைக் கண்டு படம்பிடித்தார்கள். பாட்டன்மார் சொல்லக் கேட்டதை நாம் கண்ணாற் காணவைத்தவை அப்படங்களே அன்றோ? 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோதும், 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தபோதும் எத்தனை ஏடுகள், எத்தனை குடும்பப் படங்கள் போயின! எஞ்சியிருப்பவற்றையாவது படமெடுத்துப் பேணுவது இளைஞர்களாகிய எமது கடமை.

இக்கடமையை நாம் ஒருமுறை செய்யப் புகுந்து தவறினோம். அதை மறைக்காமற் சொல்வதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கத்தவர்களின் சந்தாப் பணத்தில் ஒரு பழைய டிஜிட்டல் கமரா வாங்கினோம். மினுமினுப்பான உடலையும் மலிவான விலையையும் கண்டு மயங்கினோமேயன்றி, உள்ளே ஒன்றும் பார்க்கவில்லை. துறைமுகப் பக்கத்தில் வாழ்ந்த முதிய ஆசிரியை ஒருவர் சுனாமியில் தப்பிய ஒரேயொரு அல்பத்தை எமக்குத் திறந்து காட்டினார். பழைய திருவிழாக்கள், பாடசாலை நாடகங்கள், இன்று இல்லாத வீடுகள் யாவும் அதில் இருந்தன. ஒரு மாலைப்பொழுதில் எல்லாவற்றையும் படமெடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் பனிமூட்டம் போல ஒரு வெண்மை. வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்திருந்தது. போதாததற்கு, பிளாஷ் வெளிச்சம் படத்தின் நடுவிலே வெள்ளைப் பொட்டாக விழுந்திருந்தது. "பிறகு போவோம்" என்று நாட்களைக் கடத்தினோம். அம்மையார் காலமானார், அல்பம் யாரிடம் போயிற்றென்று இன்றுவரை தெரியவில்லை. பணம் போனதற்கு வருந்தவில்லை. அந்த அல்பத்தை நினைக்கும்போதுதான் மனம் வருந்துகின்றது. ஆகவே இம்முறை ஆராய்ந்து வாங்குவோம்.

புதிதாகவே வாங்கலாமே என்பீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது; மே மாதத்தில் அது 360 வரை ஏறிற்று. இறக்குமதிப் பொருள்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போன கதை நீங்கள் அறிந்ததே. ஆயினும் வேறொரு பக்கத்தில் எமக்கு ஒரு நன்மை உண்டு. 2018 இல் கெனனும் நிக்கோனும் கண்ணாடியில்லாப் புதுவகைக் கமராக்களைப் பெரிய அளவில் கொண்டுவந்த பின்னர், பலர் தம் பழைய கண்ணாடிக் கமராக்களை விற்கத் தொடங்கினர். ஒரு காலத்தில் படப்பிடிப்பாளர் மாத்திரம் வாங்கக்கூடியதாயிருந்த கருவிகள் இன்று மன்றத்தின் சிறு பணப்பெட்டிக்கும் எட்டுகின்றன.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எந்தக் கமரா நல்லது?" என்பதல்ல, "எமக்கு என்ன வேலை?" என்பதே. கூட்டத்தை நினைவுக்காக எடுப்பதுதான் வேலையென்றால் கையிலுள்ள தொலைபேசி போதும், வாங்கவே வேண்டாம். எமக்கு மூன்று வேலைகள் உள்ளன. வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் திருவிழாவை எடுத்தல். பழைய படங்களையும் கடிதங்களையும் பிரதி செய்தல். கல்லிலும் தூணிலும் உள்ள எழுத்துக்களை எடுத்தல்.

இவற்றுக்கு எத்தனை மெகாபிக்சல் வேண்டும்? விற்பவர் முதலிற் சொல்வது இந்த எண்ணைத்தான். நாமே கணக்குப் பார்ப்போம். இந்த மலரைப் போன்ற ஏ4 தாளொன்றை நிறைத்து, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 2,480 க்கு 3,508 புள்ளிகள் வேண்டும்; பெருக்கினால் ஏறக்குறைய 87 இலட்சம், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. ஆகவே 2008 இல் வந்த 12 மெகாபிக்சல் நிக்கோன் டி 90 கூட எமக்குப் போதும். 2010 இன் டி 7000, 2011 இன் கெனன் 600டி ஆகியவை தாராளம். எண்ணிக்கையைவிட உணரியின் பரப்பே முக்கியம். இவ்வகைக் கமராவின் உணரி, சட்டைப்பைக் கமராக்கள் பலவற்றின் உணரியைவிடப் பத்து மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. அகன்ற பாத்திரத்தில் மழைநீர் கூடுதலாகச் சேர்வது போல, அகன்ற உணரியில் ஒளி கூடுதலாகச் சேரும்.

அடுத்தது வில்லை. உடலுக்கே பணம் முழுவதையும் கொடுத்துவிடுவது பலரும் செய்யும் பிழை. கமராவோடு வரும் சாதாரண வில்லை, தூரத்தை நெருக்கிக் காட்டும்போது எஃப் 5.6 அளவே திறக்கும். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையோ அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். சுவாமி உள்வீதி வலம் வரும்போது பிளாஷ் இன்றி எடுக்க இதுவே கைகொடுக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: நிக்கோனின் டி 3000, டி 5000 வரிசைகளின் உடலில் குவிய மோட்டார் இல்லை. பழைய வகை வில்லையை அவற்றில் பூட்டினால் கையாலேயே குவிக்கவேண்டும். டி 90, டி 7000 ஆகியவற்றில் மோட்டார் உண்டு. கெனனில் 1987 முதல் வந்த ஈ.எஃப். வில்லைகள் அதன் கண்ணாடி டிஜிட்டல் கமராக்கள் எல்லாவற்றிலும் பொருந்தும்.

மாடு வாங்குபவன் பல்லைப் பார்ப்பான். கமரா வாங்குபவன் எதைப் பார்ப்பது?

முதலாவது, வில்லையைக் கழற்றி ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். சில தூசித் துகள்களுக்கு அஞ்சவேண்டியதில்லை.

இரண்டாவது, உப்பு. எமது ஊரில் இது முதன்மையான சோதனை. திருகாணிகளில் துருவும், மின்கல அறையின் தகடுகளில் பச்சை நிறமும் உண்டோ என்று பாருங்கள். கடற்காற்றில் வைத்ததும் கடல்நீரில் நனைந்ததும் அங்கே தெரிந்துவிடும். மின்கலம் ஊதிப் புடைத்திருந்தால் அதைப் பாவிக்கவே கூடாது.

மூன்றாவது, உணரி. வில்லைத் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். அதில் தெரியும் கரும்புள்ளிகள் தூசி, அவற்றைத் துடைக்கலாம். பின்னர் மூடியைப் பூட்டியபடி ஒரு வினாடிப் படம் எடுங்கள். அந்த இருட்டிலே நிறப்புள்ளிகள் பல ஒளிர்ந்தால் உணரி பழுதடைகின்றது என்று கொள்ளலாம்.

நான்காவது, ஷட்டர். டி 90 இன் ஷட்டர் 1,00,000 தடவைக்கும், டி 7000 இனது 1,50,000 தடவைக்கும் சோதிக்கப்பட்டவை. நிக்கோன் எடுக்கும் படக்கோப்பிலேயே அந்த எண்ணிக்கை பதிவாகும். கணினியில் இலவச மென்பொருளால் வாசிக்கலாம். கெனன் கோப்புகளில் பெரும்பாலும் இது கிடையாது. கைப்பிடி றப்பரும் பொத்தான்களும் தேய்ந்திருக்கும் அளவைக்கொண்டு ஊகிக்கவேண்டும்.

ஐந்தாவது, பத்திரிகைத் தாளொன்றைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்து வாசிக்க முடிகின்றதா என்று பெருப்பித்துப் பாருங்கள். இத்தனைக்கும் அரைமணி நேரம் போதும். அரைமணி பொறுக்காத வியாபாரியிடம் வாங்காதிருப்பதே மேல். பற்றுச்சீட்டையும் தொடரிலக்கத்தையும் கேளுங்கள். களவுப் பொருளாற் கோயிலைப் படமெடுக்க நாம் விரும்பமாட்டோம் அல்லவா?

வாங்கியபின் பேணுவது பெரிய வேலை. தோற்பையில் நாட்கணக்காகப் பூட்டி வைத்தால் இந்த ஈரக்காற்றில் பூஞ்சணம் நிச்சயம். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகையானால் நீலம் இளஞ்சிவப்பாகும்போது ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மெல்லச் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். முக்காலித் தாங்கி ஒன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். அது இருந்தால் பழைய படங்களை விறாந்தையின் நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் இன்றி, நடுக்கமின்றி எடுக்கலாம். பிரெடரிக் கோட்டை வாயிலில் இரட்டைக் கயலோடு இருக்கும் தமிழ்க் கல்லெழுத்தைப் போன்றவற்றை உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டிற் சரிந்து விழும் வேளையிலே தேய்ந்த எழுத்தும் நிழல்காட்டி எழும். கோட்டையிலும் துறைமுகத்திலும் படையினர் இருப்பதால் அனுமதி பெற்றே கமராவை எடுக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. எடுத்த படம் ஓரிடத்தில் மாத்திரம் இருக்கக்கூடாது. ஒரு பிரதி மன்றத்தில், ஒரு பிரதி வேறூரில் உள்ள அங்கத்தவரிடம், இன்னொன்று படத்துக்குரிய குடும்பத்திடம் இருக்கட்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், எமது நூல்களையும் பத்திரிகைகளையும் அவ்வாறே பலரும் காண வைத்திருக்கின்றது.

பெரியோர்களே, உங்கள் அலுமாரிகளின் அடித்தட்டில் இருப்பவற்றை எமக்குத் திறந்து காட்டுங்கள். பின்புறத்தில் யார், எங்கே, எந்த ஆண்டு என்று பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். இளைஞர்களே, "பிறகு போவோம்" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். நாம் ஒருமுறை பிந்திவிட்டோம், இனிப் பிந்தலாகாது.