மூடியன்று, முகம்!

 

'பொடிவைத்துப் பேசுதல்' என்னும் வழக்குத் தமிழர் நாவிற் பழகிய ஒன்று. அது பொற்கொல்லனின் உலைக்களத்திலிருந்து வந்ததென்பர். இரு பொற்றுண்டுகளை இணைக்குங்கால் அவன் அவற்றின் இடையே பற்றாசுப் பொடியைத் தூவி, ஊதுகுழலால் அனலைச் செலுத்துவான். பொடி உருகும், துண்டுகள் உருகா. இடுக்கிற் பாய்ந்த உருகல் ஆறியதும் இரண்டும் ஒன்றாகத் தோன்றும். இப் பற்றாசின் பெயரே யாப்பிலும் புகுந்தது. வெண்பாவில் முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே இசை முறியுமிடத்து ஓரசையோ ஈரசையோ இட்டு ஒட்டுவர். அதனை 'ஆசு' என்றும், அவ் வெண்பாவை 'ஆசிடை வெண்பா' என்றும் யாப்பு நூலார் வழங்கினர். மாழையை மாழையோடு இணைக்கும் கலை பாட்டிலக்கணத்துக்கே பெயர் தருமளவுக்கு இம் மண்ணில் வேரூன்றியிருந்தது.

அத்தகைய மொழிக்குரிய மக்கள் இன்று கொதிகலன் பட்டறையில் ஒரு மூட்டைப் பிரித்தறியச் சொல்லின்றி நிற்பதுதான் வியப்பு. மூன்று வகை இணைப்பையும் 'பத்தவைக்கிறது' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகின்றனர். மூன்றும் ஒன்றல்ல. தகடுகள் உருகாமல் இடையிட்ட வேறு மாழை மட்டும் உருகிப் பிடிப்பது பற்றாசு. தகடுகளின் விளிம்புகளையே உருக்கி ஒன்றாக ஓடவிடுவது உருக்கிணைப்பு. பட்டறையில் 'வெல்டிங்' என்பது அதுவே. துளையிட்டு ஆணி செலுத்தி முனையை அடித்து மடக்குவது தறைதல். நீராவிக் கலனின் முகத்தைப் பற்றாசால் ஒட்டியவன் கொலைக்கு வழிசெய்தவன் ஆவான். சூட்டில் முதலில் இளகுவது பற்றாசே. சொல் பிரிந்து நின்றிருந்தால் அறிவும் பிரிந்து நின்றிருக்கும்.

இவ்வுரையின் பொருள் சிறியது. கொதிகலனுக்கும் மற்ற அடைத்த கலன்களுக்கும் இரு கோடிகளிலும் வைக்கப்பெறும் தகட்டைப் பற்றியது. அதனைத் தமிழர் 'மூடி' என்கின்றனர். பிழையான பெயர் அது. இடர் விளைக்கும் பெயருங்கூட.

அருப்புக்கோட்டைச் சாயப் பட்டறையில் நூலை வேகவைக்கும் திறந்த கொப்பரையை எண்ணிப் பார்க்க. எத்துணை விறகு எரித்தாலும் அதன் நீர் 100 பாகையை ஒட்டியே நிற்கும். மிகுந்த வெப்பம் ஆவியாகி வெளியேறிவிடும். சோற்றுப் பானையின் மூடி தாளமிடுவதும் அவ்வாறே. மூடி ஆடும் பானை வெடிப்பதில்லை. இரு கோடியும் அடைத்த கலனோ வேறு இயல்பினது. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் அதனுள் நீர் 183 பாகை வரையிலும் நீராகவே அடங்கிக் கிடக்கும். ஒரு கோடி கிழிந்தாற் போதும். அழுத்தம் நொடியில் வீழும். அந் நீரில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அக்கணமே ஆவியாகும். ஒரு படி நீர் ஆவியானால் 1,600 படிக்கு மேல் இடங்கொள்ளும். கூரையைப் பெயர்ப்பதும் கலனையே வாணம்போற் பறக்கவிடுவதும் அவ் விரிவே.

இனி அக் கோடித் தகடு தாங்கும் சுமை எவ்வளவு? ஒரு மீட்டர் விட்டமுள்ள கலனில் அதன் பரப்பு 7,854 சதுர சென்டிமீட்டர். மேற்சொன்ன 10 கிலோ அழுத்தத்தில் உள்ளிருந்து அதனை வெளித்தள்ளும் விசை 78,540 கிலோ. அதாவது 78 டன்னுக்கு மேல். நிறை சுமையேற்றிய லாரிகள் நாலைந்தின் எடை. இவ்வளவையும் இழுத்துப் பிடித்திருப்பது சுற்றிலும் ஓடும் 314 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பற்று வரி. அவ் வரியின் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் 250 கிலோ தொங்குகிறது. நாட்டுக் காளையொன்றின் எடைக்கு அண்மையது. அடுப்பு எரியும் நேரமெல்லாம், இரவும் பகலும், ஒரு நொடியும் கை மாற்றாமல் அது தாங்கியாக வேண்டும். இதனை 'மூடி' என்பது எவ்வாறு பொருந்தும்? மூடி என்பது திறப்பதற்கும் எடுப்பதற்கும் உரியது. அப் பெயர் கேட்டவன் மனத்தில் 'மேலே வைத்து ஒட்டினாற் போதும்' என்ற எண்ணமே எழும்.

முழவுக்கும் மத்தளத்துக்கும் இரு கோடிகளையும் தமிழர் 'முகம்' என்றனர். திருவாரூர்க் கோயிலின் ஐம்முக முழவம் வெண்கலக் குடமொன்றில் ஐந்து முகங்கள் கொண்டது. இழுவிசையைத் தாங்கி நிற்கும் கோடிக்கு அதுவே தக்க பெயர். உட்புறம் குழிந்து வெளிப்புறம் கவிந்து நிற்பதால் அதனைக் 'கவிமுகம்' எனலாம். பட்டறைக்காரர் 'டிஷ் எண்டு' என்பது இதனையே.

ஏன் கவிய வேண்டும்? தட்டையான தகடு அழுத்தத்தை வளைந்து தாங்குகிறது. வளையும்போது அதன் விளிம்பு, மூட்டைக் கடப்பாரை கொண்டு நெம்புவதுபோல் நெம்புகிறது. கலனின் உடற்பகுதிக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர்த் தகடு போதும் என்னும் இடத்தில் தட்டை முகத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் வேண்டியிருக்கும். கவிந்த தகடோ வளையாமல் இழுவிசையாகவே சுமையை ஏற்கும். அரைக்கோள முகத்துக்கு உடற்றகட்டின் பாதித் தடிப்பே போதும். ஆழம் விட்டத்தில் நாலிலொன்றாக அமைந்த நீள்வட்ட முகத்துக்கு உடற்றகட்டின் அளவே தடிப்பு. மூன்றாவது, சிறு பட்டறைகளில் மிகுதியாகக் காணப்படுவது: உச்சி தாழ்ந்து பரந்து, ஓரத்தில் மட்டும் சட்டென மடங்குவது. இதன் தோள் வளைவில்தான் கண் வைக்க வேண்டும். அவ் வளைவின் ஆரம் விட்டத்தில் நூற்றுக்கு ஆறுக்குக் குறையலாகாது என்பது பன்னாட்டு நெறி. உள்ளழுத்தம் கலன் முழுவதையும் வெளியே தள்ள, இத் தோள் மட்டும் உள்ளே சுருங்க முயல்கிறது. தகடு மெலிந்தால் அவ்விடம் துணிபோல் மடிப்பு விழும்.

ஆகவே மூட்டு ஒருபோதும் தோளின்மேல் விழலாகாது. நல்ல கவிமுகத்தில் தோளுக்குக் கீழே உடலோடு ஒத்து நேராக இறங்கும் ஒரு விளிம்பு விடப்பட்டிருக்கும். நேர்விளிம்பு என்க. அதன் முனையும் உடலின் முனையும் நேருக்கு நேர் முட்ட வேண்டும். டப்பாவுக்கு மூடி கவிழ்ப்பதுபோல் ஒன்றை மற்றொன்றின்மேல் கவிழ்த்து வெளிப்புறம் மட்டும் ஒரு வரி ஓட்டுவது பலர் செய்வது. பார்வைக்கு அழகாயிருக்கும். உள்ளே இரு தகடுகளுக்கும் இடையே ஒட்டாத இடுக்கு சுற்றிலும் நிற்கும். அது பிறவியிலேயே அமைந்த வெடிப்பு. அழுத்தம் ஏறி இறங்குந்தோறும் அது சிறிது சிறிதாக வளரும்.

முட்டு மூட்டிலும் வேலை எளிதன்று. இரு விளிம்புகளையும் சாய்வாகச் செதுக்கி, அடியில் சிறு இடைவெளி விட்டு, முதல் வரியை வேர் வரை உருகவிட வேண்டும். பின் உட்புறமிருந்து அவ் வேரைக் குடைந்து நல்ல மாழை காணும் வரை சுரண்டி, உள்ளிருந்தும் நிரப்ப வேண்டும். இரு தகடுகளின் தடிப்பு வேறுபட்டால் தடித்ததை ஒன்றுக்கு மூன்றாகச் சரித்து இறக்க வேண்டும். படிபோல் விட்டால் அப் படியின் மூலையிலேயே வெடிப்புத் தொடங்கும். கடைசியாக அடைக்கும் முகத்துக்கு ஆள் உள்ளே போக வழியிராத சிறு கலன்களில் வேர் வரிக்கு மட்டும் தனித் திறனாளன் வேண்டும்.

மழைக்காலத்தில் ஈரம் ஏறிய 'ராடு' பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. அதன் மேற்பூச்சில் உள்ள ஈரம் பிழம்பிற் பிரிந்து நீரியமாகி உருகலுள் நுழைகிறது. பற்று முடிந்தபோது குறை ஏதும் தெரியாது. ஒரு நாள், இரு நாள் கழித்து, ஆளில்லாத வேளையில், உள்ளே மயிரிழை வெடிப்பு விழும். அதனாலேயே தடித்த தகட்டுக்குரிய கம்பிகளை 300 பாகையளவில் அடுப்பில் உலர்த்திச் சூடாகவே எடுத்தாள்வர். கம்பிக் கட்டைச் சாக்கில் சுற்றி வைக்கும் பட்டறைகள் இதனை அறியாதவை.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லன் அறிந்த உண்மை ஒன்றும் இங்கு உதவும். சக்கரத்தினும் சற்றுக் குறுகிய இரும்புப் பட்டையைச் செங்கனலாகக் காய்ச்சி மாட்டி நீரூற்றினால், அது சுருங்கி வட்டைகளையும் ஆரக்கால்களையும் இறுக்கும். பற்று வரியும் அவ்வாறே ஆறும்போது சுருங்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விட்டுக்கொடாது. அதனால் அழுத்தம் ஏற்றாத கலனிலும் மூட்டினுள் இறுக்கம் அடைபட்டுக் கிடக்கும். தடித்த கலன்களை முழுமையாக 600 பாகைக்கு மேல் காய்ச்சி, தடிப்பின் ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் ஒரு மணி நேரம் என்ற அளவில் நிறுத்தி, மெல்ல ஆறவிடுவது இவ் விறுக்கத்தைத் தளர்த்தவே.

பின்னரே ஆய்வு. ஊடுகதிர்ப் படம் எடுப்பர். மிகையொலி செலுத்திக் கேட்பர். இறுதியில் கலனை நீரால் நிறைத்து வேலை அழுத்தத்தினும் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பர். காற்றால் அன்று, நீரால். நீர் ஏறக்குறையச் சுருங்காதது. மூட்டு விட்டால் ஒரு பீய்ச்சலோடு அழுத்தம் அடங்கிவிடும். அதே கலனில் அதே அழுத்தத்திற் காற்றை அடைத்தால் உள்ளே சேரும் ஆற்றல் ஆயிரக்கணக்கான மடங்கு. காற்றடித்துச் சோப்பு நுரை தடவி மூட்டைப் பார்ப்பவன் குண்டின்மேல் காது வைப்பவனுக்கு ஒப்பாவான்.

இவ்வளவு கட்டுப்பாடும் நூலறிவால் மட்டும் வந்ததன்று. 1863-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கொதிகலன் வெடித்து ஆட்கள் மாண்டதன் பின்னரே வங்காளத்தில் 1864-இல் ஆய்வுச் சட்டம் வந்தது. 1905-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கொதிகலன் வெடித்தது. கட்டடம் சரிந்து தீப்பற்ற 58 பேர் மாண்டனர். குற்றம் தறையாணி வரிசையில், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய தகடுகளின் இடுக்கில், வெளிக்கண்ணுக்குப் புலப்படாமல் வளர்ந்த வெடிப்பு. அதன்பின்னரே அங்குக் கொதிகலன் நெறிநூல் எழுந்தது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டம் ஒரு நூற்றாண்டு நடைமுறையிலிருந்தது; 2025-இல் புதுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

தமிழ்நாடு இத் தொழிலிற் பின்தங்கிய நாடன்று. திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவெறும்பூரில் செக்கோசுலோவாக்கிய நாட்டுத் துணையோடு எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை 1965-ஆம் ஆண்டு முதல் வேலை செய்து வருகிறது. 1975-இல் அங்கேயே பற்றவைப்பு ஆய்வு நிலையமும் அமைந்தது. அனல்மின் நிலையங்களின் பேருருள்கலன்கள் அங்கே கவிமுகம் பெற்று வெளியேறுகின்றன. சுற்றிலும் துவாக்குடிப் பக்கத்தில் சிறு பட்டறைகள் பல முளைத்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் இக் கரிசற் பக்கத்து இளைஞர் ஊர்விட்டுப் போய்ப் பிழைக்கும் தொழில்களுள் பற்றவைப்பும் ஒன்று. கையில் திறனுண்டு. ஆனால் அவர்முன் வைக்கப்பெறும் முறைத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வேர் வரி எத்தனை, முன்சூடு எவ்வளவு, கம்பி எந்தச் சூட்டில் உலர வேண்டும் என்பதை மேற்பார்வையாளன் வாய்வழி சொன்ன அளவே அவர் அறிகிறார். அவன் ஒன்றை மறந்தால் அது மூட்டில் இல்லை. இருபது சொற்களைத் தமிழில் வழக்குக்குக் கொண்டுவந்து அத்தாளைத் தமிழில் அச்சிடுவதற்குத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை, செய்யத்தான் ஆளில்லை.

பெரிய ஆலைக்கு ஆய்வாளர் வருவார். தெருவோரத்தில் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கடையின் தொட்டிக்கு யார் வருவார்? அதில் நீராவி இல்லாமையால் அது கொதிகலன் சட்டத்துக்குள் வாராது. எனினும் அதற்கும் இரு கவிமுகங்கள் உண்டு. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து அடியிற் சொட்டித் தேங்க, கீழ்ப்பக்கத் தகடும் முகத்தின் தோள் வளைவும் உட்புறமாகத் துருவேறி மெலியும். வெளியே பூச்சு மட்டும் புதிதாக மின்னும். ஒருநாள் அங்கே ஊசித்துளை விழும். கடைக்காரர் அதனைப் பற்றவைப்பவனிடம் கொண்டுவந்து ஒரு பொட்டு வைக்கச் சொல்வார். அத் துளையைச் சுற்றியுள்ள தகடு தாள்போல் ஆகிவிட்டதென்பதை அத் துளையே அறிவிக்கிறது. பொட்டு வைத்த சூட்டில் அது மேலும் நொய்யும். அடியிலுள்ள வடிகுழாயை நாள்தோறும் திறந்து நீரை வடித்திருந்தால் அத் தொட்டி இன்னும் பல்லாண்டு இருந்திருக்கும். துளை விழுந்தபின் செய்யத்தக்கது ஒன்றே: காற்றை முழுதும் இறக்கி, இரு முகங்களையும் அறுத்தெடுத்து, மறுபடி எவரும் அதனைக் கலனாக்காதபடி பழைய இரும்புக்குப் போடுவது.