முடிச்சு விழுவது இந்தக் கரையில்



வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் செந்துறையிலும் மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் கைவிட்ட ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது சிங்கப்பூர் வேலை பெர்மிட்டால்தான். அந்தப் பெர்மிட் தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுகிறது என்று மேடைதோறும் குறை சொல்கிறோம். குறை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாதபடி இறுக்குவது, புறப்படும் முன் இங்கே வாங்குகிற கடன் என்கிறேன் நான்.

அந்த நாட்டு விதிகளைப் பாருங்கள். விமானம் ஏறும் முன்பே தொழிலாளி கைக்கு வர வேண்டிய ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் குறைக்கக் கூடாது. முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியை அவர் தலையில் சுமத்தக் கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் வாங்கினால் சிறை வரைக்கும் போகும். பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் வரை இருக்கும்போது, கட்டுமானத் தொழிலாளி பழைய முதலாளியைக் கேட்காமலே கம்பெனி மாறலாம். 2025 ஜூலை முதல், இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற வரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. இவ்வளவு இருந்தும், ஓ.டி. காசு வராதபோதும் முதுகு பிடித்துக்கொண்டபோதும் நம் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? பெர்மிட்டை எந்த நாளும் ரத்து செய்யும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது. அது அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை. கடனில்லாமல் போனவருக்கு அதனால் ஒரு வேலை போகும், அவ்வளவுதான். மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்கு மூன்று வட்டியில் கைமாற்று வாங்கிப் போனவருக்கோ, ஊர் திரும்பினால் வாசலில் நிற்கக்கூட முடியாது. ஆகவே அவர் பொறுத்துப் போகிறார். சட்டம் கொடுத்த உரிமையை வட்டி பிடுங்கிக்கொள்கிறது.

“கடன் வாங்கச் சொன்னது யார்? விரும்பித்தானே கொடுக்கிறார்கள்?” என்று கேட்பார்கள். விரும்பிக் கொடுத்த பணத்துக்கு ரசீது எங்கே? நம் நாட்டின் குடிபெயர்வுச் சட்டம் 1983-ஆம் ஆண்டினது. பதிவுச் சான்று இல்லாமல் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது அதன்படி குற்றம். பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ போனால் குடிபெயர்வு அனுமதி என்ற சோதனையாவது உண்டு. சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஊர் டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் வாங்கும் துணை ஏஜெண்ட்டுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: இங்கே கெடுபிடி செய்தால் வாய்ப்பெல்லாம் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் முதலாளியின் கணக்கில் வருவது சம்பளம், லெவி, ஆளுக்கு 5,000 வெள்ளி பிணையம், தங்குமிடம். நம் ஆள் இங்கே கட்டும் ஏஜெண்ட் காசு அந்தக் கணக்கில் வராது. அங்குள்ள முகவர்கூட அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். அதற்கு மேல் போகிற பணம் இந்தக் கரையில் தங்குகிறது; கடல் தாண்டினால் அங்கே குற்றமாகிறது. அதைக் குறைத்தால் தொழிலாளியின் விலை ஏறாது, தரகரின் வருமானம்தான் இறங்கும்.

அரியலூரில் கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சிமெண்ட் ஆலைகளிலும் கட்டடங்களிலும் வேலை செய்யும் வடமாநிலத்தாரில் பலரும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வருகிறவர்களே. அவர்களுக்காக 1979-இல் வந்த சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் நிற்கிறது. ஒப்பந்தக்காரரிடம் அவர்களின் கணக்கைக் கேட்காமல், சிங்கப்பூரை மட்டும் கேட்க நமக்கு முகம் வேண்டாமா?

நாம் கேட்பது பெரிதல்ல. அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, தமிழக அரசுக்கே 1978 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் ஆட்கள் மாதம் ஒரு நாளாவது ஒன்றிய அலுவலகத்தில் உட்காரட்டும். பயணச் செலவுக்குக் கூட்டுறவு வங்கி கடன் தரட்டும். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் ஏஜெண்ட் மனுக்களை காவல்துறை வெறும் பண மோசடி என்று எழுதாமல், 1983 சட்டத்தின் கீழும் பதியட்டும். வழக்குக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பார்கள். பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் தாயோ மனைவியோ புகார் கொடுத்தால், அந்த அனுமதியே தேவையில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.