பட்டினம் சமைக்கும் விளையாட்டும் எமது துறைமுகமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினியில் ஆடப்படும் ஒரு விளையாட்டு. "கண்ணையும் காலத்தையும் ஒருங்கே கெடுக்கும் இதற்கு ஒரு மேடையும் வேண்டுமா?" என்று பெரியோர் சிலர் மனத்துள் வினவுதல் கூடும். அவ்வினா நியாயமானதே. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு நள்ளிரவு வரை திரையின் முன் இருப்பதைக் கண்டு கவலைப்படாத தாய் தந்தையர் இவ்வூரில் அரியர். ஆயினும் விளையாட்டுக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. தாயம் அதிர்ஷ்டத்தை நம்பி நடப்பது. சதுரங்கம் போர்முறையைக் காட்டுவது. எமது பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியோ, குழிக்குக் குழி காயிட்டு, இருப்பை எண்ணி, வரவு செலவு பார்ப்பது. நாம் சொல்லப்போகும் விளையாட்டு பல்லாங்குழியின் இனத்தைச் சேர்ந்தது. அதை எவ்வாறு கற்பது, கற்றதனால் யாது பயன், அதன் குறை யாது என்னும் மூன்றையும் கூறி அமைவோம்.

விளையாட்டின் பெயர் 'அன்னோ 1404'. அன்னோ என்பது இலத்தீன் மொழியில் 'ஆண்டில்' எனப் பொருள்படும். ஜெர்மனியில் ஆக்கப்பட்டு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவ்வரிசையின் முதல் விளையாட்டு 1998இல் வந்தது. அதன் பெயரில் உள்ள ஆண்டு 1602. பின்னர் 1503, 1701, 1800 எனப் பல வந்தன. இவ்வெண்களின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒன்பதாகும். எண் சாத்திரத்தில் ஆர்வமுள்ள பெரியோர்க்கு இதுவொன்றே இவ்விளையாட்டின்மேற் சிறிது அன்பை உண்டாக்கலாம்!

ஆட்டம் ஒரு கப்பலோடு தொடங்குகிறது. கப்பலில் சிறிது மரமும் சிறிது கருவிகளும் உணவும் உண்டு. ஆடுபவர் ஒரு தீவைத் தெரிந்து, கரையிலே பண்டகசாலை ஒன்றைக் கட்டுகிறார். பின்னர் சந்தை, அதைச் சூழக் குடியானவர் வீடுகள். குடியானவர் கேட்பவை சில: உண்ண மீன், பருக அப்பிள் மது, கூடுவதற்குச் சந்தை, தொழுவதற்கு ஒரு சிற்றாலயம். இவை கிடைத்தால் அவர்கள் நகரத்தாராக உயர்வர். உயர்ந்தவுடன் வாசனைத் திரவியமும் நல்ல ஆடையும் வேண்டுமென்பர். அடுத்த படியிலுள்ள பெருவணிகர் பாணும் தோலாடையும் புத்தகமும் கேட்பர். உச்சியிலுள்ள பிரபுக்களோ இறைச்சியும் திராட்சை மதுவும் கேட்டு, மூக்குக்கண்ணாடியும் வேண்டுமென்று நிற்பர். மனிதன் உயர உயர அவன் தேவையும் உயர்கிறது என்பதை இத்துணை நகைச்சுவையோடு உணர்த்தும் பாடப்புத்தகத்தை நாம் கண்டதில்லை.

இதைக் கற்கப் புகுவோர்க்கு முதற்பாடம் பொறுமை. புதிதாக ஆடுபவர் பெரும்பாலும் வீடுகளையே வரிசையாகக் கட்டுவர். மக்கள் பெருகினால் வரி பெருகும் என்பது அவர் எண்ணம். மக்கள் பெருகுவது உண்மையே. ஆனால் மீன்பிடிப்போர் இருவர் பிடித்த மீன் இருபது வீட்டுக்குப் போதும், நாற்பது வீட்டுக்கு எங்ஙனம் போதும்? பண்டகசாலை வெறுமையாகும். மக்கள் முணுமுணுப்பர். பொருள் போதாத வேளையில் வரியையும் கூட்டினால், குடிகள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவர். ஆகவே முதலில் உணவு, பின்னர் வீடு. முதலில் கையிருப்பு, பின்னர் உயர்வு. கைவசமுள்ள கருவிகள் தீருமுன் கருவி செய்யும் பட்டறைக்கு வழி தேடுதல் வேண்டும். கட்டிய ஒவ்வொரு கட்டடத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாம் பாடம் சங்கிலி. பாண் வேண்டுமெனில் வெதுப்பகம் ஒன்று கட்டினால் முடிந்துவிடாது. கோதுமை வயல் வேண்டும்; கோதுமையை அரைக்க ஆலை வேண்டும்; மா வெதுப்பகத்துக்கு வந்துசேரப் பாதை வேண்டும். கருவிக்கு இரும்புக் கல்லும், அதை உருக்கக் கரியும், உருக்காலையும், பட்டறையும் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை யாவும் வேலையின்றி நிற்கும். ஒரு பொருள் சந்தையில் இல்லையென்றால், கடைக்காரனைக் கோபிப்பதை விட்டுச் சங்கிலியில் எக்கண்ணி அறுந்தது என்று பின்னோக்கித் தேடும் பழக்கம் இதனால் உண்டாகின்றது.

மூன்றாம் பாடம் வாணிகம். எல்லாத் தீவிலும் எல்லாம் விளைவதில்லை. ஒரு தீவில் கோதுமை விளையும், ஒரு தீவில் திராட்சை விளையும். வாசனைத் திரவியம் மேற்குத் தீவுகளில் விளையவே மாட்டாது. தெற்கே பாலைநிலத் தீவுகளிலே விளையும். அங்குக் குடியேற வசீரின் நன்மதிப்பைப் பெறல் வேண்டும். அங்கும் நீரிறைக்கும் சக்கரம் அமைத்தாலன்றிப் பயிர் முளையாது. நிலத்தடி நீர் வற்றினால் தோட்டமும் வாடும். இவ்வாறு ஒவ்வொரு தீவிலும் மிகுந்ததை ஏற்றி, குறைந்ததை இறக்கும்படி கப்பல்களுக்கு வழி வகுத்தலே ஆட்டத்தின் உயிர்நிலை. 'நமக்கு என்ன வேண்டும்' என்று எண்ணுபவரைவிட, 'அடுத்த தீவாருக்கு என்ன வேண்டும்' என்று எண்ணுபவரே இதில் முன்னேறுவர்.

இனி இதன் குறையைச் சொல்லுவோம். இவ்விளையாட்டின் உலகப் படத்தில் வாசனைத் திரவியம் விளையும் கீழ்நாடு அரபு நாட்டுப் பாலைவனத்தோடு முடிந்துவிடுகிறது. மிளகு விளைந்த மலையாளக் கரையும் கறுவா விளைந்த ஈழமும் அப்படத்தில் இல்லை. ஐரோப்பியர் கண்ட சந்தை அலெக்சாந்திரியா வரைதான். அதற்கு அப்பால் பொருளை யார் விளைத்தார், யார் ஏற்றினார் என்பது அவர்களுக்குத் திரைக்குப் பின்னே இருந்தது. அத்திரைக்குப் பின்னே இருந்தவர்கள் நாமே.

1344ஆம் ஆண்டில் ஈழத்துக்கு வந்த இபுன் பதூதா என்னும் அரபுப் பயணி, புத்தளக் கரையில் ஆற்று வெள்ளம் கொணர்ந்த கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மலையாளக் கரையாரும் சோழமண்டலக் கரையாரும் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்று, ஆரியச் சக்கரவர்த்திக்குத் துணியும் பிறவும் கொடுத்ததையும் எழுதிவைத்தார். விளையாட்டின் பெயரிலுள்ள 1404க்கு அடுத்த ஆண்டில் சீனத் தளபதி செங் ஹோவின் பெருங்கப்பற்படை இந்து சமுத்திரத்தை நோக்கிப் புறப்பட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அவரது கல்வெட்டு 1911இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. அது சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் உள்ளது. உலகின் மிகப் பெரிய கப்பற்படையின் தலைவர் ஈழத்துக் கரையில் தமது செய்தியைப் பொறிக்கத் தெரிந்த மொழிகளுள் ஒன்று தமிழ் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னே எமது மாவட்டத்தைப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சிக் காலத்தில் கந்தளாயில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் ஊர் இருந்தது. பெரியகுளத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்னும் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுக்களும் கொடுத்தோர் தமது கொடையைத் தமிழிலேயே கல்லில் எழுதினர். வடக்கே பதவியாவிலும் வாகல்கடையிலும் ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் கழகத்தாரின் கல்வெட்டுக்கள் கிடைத்துள்ளன. இதே ஐந்நூற்றுவர் 1088ஆம் ஆண்டில் சுமாத்திராத் தீவின் பாரூசுப் பகுதியில் நிறுத்திய தமிழ்க் கல்வெட்டு, மரக்கலத்தோர் செலுத்தவேண்டிய பொன்னைப் பற்றிக் கூறுகின்றது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. குளம், வயல், பள்ளி, கோயில், வணிகர் நகரம், மரக்கலம், கடல் கடந்த சந்தை என்ற இந்தச் சங்கிலி முழுவதும் எமது மண்ணிலே ஒருகாலத்தில் அறாது நின்றது. இதைவிடச் சிறந்த ஆட்டக்களம் எங்கே உண்டு?

இன்றைய துறைமுகத்தையும் இதே கண்கொண்டு நோக்குவோம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எம்முடையது என்று சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். கொழும்பில் இயற்கையான காப்பு அத்துணை இல்லை. 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டி, 1885 அளவில் கட்டிமுடித்தே அதைத் துறைமுகம் ஆக்கினர். ஆயினும் வாணிகம் அங்கேயே சென்றது. காரணம், மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கோப்பியும் தேயிலையும் புகையிரதத்தில் அங்கு வந்தன. எமது குடாவோ பிரித்தானியரின் போர்க்கப்பல்களுக்கு உறைவிடமாயிற்று. 1957இல் அவர்கள் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் சென்றனர். ஆழமான நீர் மட்டும் பட்டினத்தை உண்டாக்காது, பின்னிலமும் பாதையும் பண்டமும் வேண்டும் என்று விளையாட்டுக் கூறும் பாடத்தை எமது ஊரே கூறிக்கொண்டிருக்கிறது.

சங்கிலிகள் இல்லாமலும் இல்லை. 1980 முதல் சீனக்குடாவில் பிறீமா மாவாலை இயங்குகின்றது. கடல் கடந்து வரும் கோதுமை கப்பலிலிருந்து இறங்கி, அங்கே மாவாகி, நாடெங்கும் வெதுப்பகங்களுக்குச் செல்கின்றது. திரையிற் கண்ட வயல், ஆலை, வெதுப்பகம் என்னும் சங்கிலியின் நடுக்கண்ணி எமது குடாவின் கரையிலேயே உள்ளது! புல்மோட்டைக் கனிய மணல் மற்றொரு செய்தியைச் சொல்கிறது. அதிலுள்ள இல்மனைற்றிலிருந்து வெண்ணிற வர்ணப்பூச்சுக்கு வேண்டிய பொருள் செய்யப்படுகிறது. மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. வர்ணப்பூச்சுக்கு வேண்டிய பொருளை நாடு விலைகொடுத்து வாங்குகின்றது. விளையாட்டில் கச்சாப் பொருளை மட்டும் விற்கும் தீவு எந்நாளும் குடியானவர் தீவாகவே நின்றுவிடும். படித்து முடித்த எமது இளைஞர் ஏன் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் மூட்டை கட்டுகின்றனர் என்னும் வினாவுக்கு ஒரு பாதி விடை இங்கே உண்டு.

இன்னுமொன்று சொல்லியாக வேண்டும். விளையாட்டில் நகரம் கெட்டால், முன்னே சேமித்துவைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களை மீட்டுத் தரும் சேமிப்பு எதுவும் இல்லை. திரையில் மக்கள் எண்கள்; ஊரிலே அவர்கள் அயலவர், உறவினர். அணையைப் பழுதுபார்க்கும் செலவைச் சுருக்கினால் கணக்கில் மிச்சம் காணலாம். அந்த மிச்சத்தின் விலையை யார் கொடுப்பது? இதை மறந்து ஆடுபவர் ஆட்டத்தில் வல்லவராகலாம். பட்டினம் ஒன்றை அவரிடம் ஒப்படைக்க நாம் உடன்படோம். நல்லவேளையாக, அவ்விளையாட்டிலேயே ஓர் இடம் உண்டு. நகரம் வளர்ந்தபின் இரவலர் வந்து இடம் கேட்பர். அவர்களுக்கு இல்லம் அமைத்து உணவு கொடுப்பதா, மறுப்பதா என்பதை ஆடுபவரே முடிவு செய்தல் வேண்டும். இளைஞர் அந்த இடத்தில் என்ன செய்கின்றனர் என்பதைப் பெரியோர் அருகிருந்து பார்ப்பது நன்று.

ஆகவே எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, இவ்விளையாட்டைத் தனித்திருந்து ஆடாமல் இருவர் மூவராய்ச் சேர்ந்து, நேரத்துக்கு எல்லை வைத்து ஆடுக. ஒருவர் ஆட, ஒருவர் குறிப்பேட்டில் வரவும் செலவும் கையிருப்பும் எழுதுக. இரண்டாவது, அதே குறிப்பேட்டின் மறுபக்கத்தில் எமது ஊரின் கணக்கை எழுதத் தொடங்குக. கந்தளாய் நெல் எங்கே செல்கிறது? கொட்டியாரக் குடாவில் பிடித்த மீன் எத்தனை கைமாறிச் சந்தைக்கு வருகிறது? மூதூர்த் தயிர்ச் சட்டி எந்த ஊர்க் குயவர் கையில் உருவாகிறது? ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் போதும்.

மூன்றாவது வேண்டுகோள் பெரியோர்களிடம். துறைமுகத்திலும் புகையிரத நிலையத்திலும் பண்டகசாலையிலும் வேலை பார்த்து ஓய்ந்த கைகள் இச்சபையில் உண்டு. எந்தக் காற்றில் எந்தக் கப்பல் வந்தது, எதை இறக்கியது, எதை ஏற்றியது, எந்த ஆண்டில் எது நின்றுபோயிற்று என்பன உங்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. திரையின் முன்னிருக்கும் பேரப்பிள்ளையை ஏசுமுன், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் அமருங்கள். "உன் தீவுக்கு உப்பு எங்கிருந்து வருகிறது, தம்பி?" என்று கேளுங்கள். அவன் விடை சொல்லட்டும். பின்னர் உங்கள் காலத்தில் இவ்வூருக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் சொல்லுங்கள். அவனிடம் குறிப்பேடு இருக்கும்.