வாசலில் நாய் குரைத்தால்



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இரவு முழுவதும் வலை வீசித் திரும்புவோர் பகலில்தான் கண்ணயர்கிறார்கள். அந்நேரத்தில் மீன் வாங்க வருவோரை நாய் வாசலில் நின்று குரைத்து விரட்டினால் உறக்கமும் கெடும், வியாபாரமும் கெடும். ஆனால் வலைக்கும் கருவாட்டுக்கும் காவல் வேண்டுமே! ஆகவே குரைப்பதை அறவே நிறுத்தாமல், ‘போதும்’ என்றதும் அடங்கப் பழக்குவதே நல்லது.

நாய் ஏன் ஓயாமல் குரைக்கிறது? தபால்காரர் தபாலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். குரைத்ததால்தான் அவர் போனார் என்று நாய் பழகிவிடுகிறது. நாமும் கூச்சலிட்டால் அதன் வேகம் கூடுகிறது.

பழக்கும் முறை:

1. வாசலுக்குச் சற்றுத் தள்ளிச் சாக்கு விரித்து, அதில் நாயை உட்காரப் பழக்குங்கள்.

2. வீட்டார் ஒருவரை வெளியிலிருந்து கதவைத் தட்டச் சொல்லுங்கள். நாய் குரைத்ததும் நிதானமாகப் ‘போதும்’ என்று சொல்லிச் சாக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அடங்கியவுடனே முள் நீக்கிய, வேகவைத்த மீன் துண்டு கொடுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம்.

3. நாய் அடங்கிய பிறகே வந்தவரை உள்ளே விடுங்கள்.

4. தினமும் ஐந்து நிமிடமாகச் சில வாரங்கள் பழக்குங்கள். வீட்டார் அனைவரும் அதே சொல்லையே சொல்ல வேண்டும்.

நாயை அடிக்காதீர்கள். குரைப்பு ஓர் எச்சரிக்கை. அடிக்குப் பயந்து அதை விட்ட நாய் குரைக்காமலே கடித்துவிடலாம். குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும்போது மீண்டும் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் உயிரைக் காக்கா, தடுப்பூசியே காக்கும்.