படிக்கிற நேரம் யாருடையது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

துவாக்குடியிலிருந்து பேசறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, தஞ்சாவூர் ரோடு பக்கத்துலதான் இருக்கு.

போன எபிசோடுக்கு அப்புறம் ரெண்டு கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. "வேலைக்கும் போயிட்டு எப்படிப் படிக்கிறீங்க?" இது ஒண்ணு. "சமீபத்துல படிச்சதுல எது பிடிச்சது?" இது இன்னொண்ணு. இன்னைக்கு ரெண்டுக்கும் பதில் சொல்றேன். முதல்ல நேரம், அப்புறம் புத்தகம். ஆனா பாதியில ரெண்டும் கலந்துடும், முன்கூட்டியே சொல்லிடறேன்.

பதினைந்து பக்கக் கணக்கு

நான் இங்க ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல தரப் பரிசோதனைப் பிரிவுல இருக்கேன். வீடு ஸ்ரீரங்கம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல வண்டி மாறி பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர்னு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். சத்திரத்துல ஏறினா உட்கார இடம் கிடைக்கும். அந்த சீட்டுதான் என் வாசிப்பறை.

ஒரு நாளைக்கு 15 பக்கம். அவ்வளவுதான் இலக்கு. 30 நாளைக்கு 450 பக்கம். அதாவது மாசத்துக்கு ரெண்டு சின்ன நாவல், இல்லாட்டி ஒரு பெரிய நாவல். லீவு நாள், தலைவலி நாள், பஸ்ல நின்னுக்கிட்டே வந்த நாள் எல்லாத்தையும் கழிச்சாலும் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகம் தேறும். "ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்து படிப்பேன்"னு காத்திருந்தா அந்த ஞாயிறு வரவே வராது. கல்யாணம், காதுகுத்து, துணி துவைக்கிறதுன்னு ஏதாவது ஒண்ணு அதை எடுத்துக்கும்.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். ஒரு புத்தகம் முடியறதுக்கு முன்னாடியே அடுத்தது பையில இருக்கணும். நடுவுல ஒரு வாரம் இடைவெளி விழுந்துட்டா அந்த இடத்துல போன் வந்து உட்கார்ந்துக்கும். அடுத்தது, 50 பக்கம் போயும் உள்ளே இழுக்காத புத்தகத்தை மூடி வைங்க. அது தப்பே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு அதே புத்தகம் உங்களுக்குப் பிடிக்கலாம்.

டிப்ஸ் அவ்வளவுதான். இதை எந்த வீடியோவுலயும் கேட்டிருப்பீங்க. நான் பேச வந்தது இதுக்கு அடுத்த விஷயம்.

நூலகத்தோட நாலாவது விதி

நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர். சீர்காழியில 1892ல பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தைன்னு பாடப் புத்தகத்துல ஒரு வரியில படிச்சுட்டுத் தாண்டிப் போயிருப்போம். 1931ல நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதுல நாலாவது விதி, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கறது. புத்தகத்தை அடுக்கி வைக்கிறதோட நூலகத்தோட வேலை முடியல, படிக்க வர்றவரோட நேரத்துக்கும் நூலகம்தான் பொறுப்புன்னு சொல்றார்.

அதே 1931ல மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல ஒரு மாட்டு வண்டி நூலகம் கிளம்புச்சு. வண்டி நிறையப் புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போச்சு. வயல் வேலைக்குப் போறவங்க நூலகத்தைத் தேடி வர முடியாது, அதனால நூலகம் அவங்களைத் தேடிப் போச்சு. 1948ல மதராஸ் மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்ததுலயும் ரங்கநாதனுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னைக்கும் நாம வீட்டு வரியோட நூலக வரி கட்டறோம். அதனால உங்க ஊர்க் கிளை நூலகம் உங்க காசுல நடக்கிற இடம், கூச்சப்படாம உள்ளே போங்க.

இதை யோசிச்சப்ப எனக்கு ஒண்ணு உறைச்சது. பஸ்ல எனக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரம் எப்படி என்னோடதா இருக்கு? அங்க யாரும் என்னைக் கூப்பிட முடியாது. "ஒரு காபி போடு", "சாக்ஸ் எங்க?", "கேஸ்காரர் வந்திருக்கார்", எதுவும் கிடையாது. இப்போ வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்களை நினைச்சுப் பாருங்க. அவங்களுக்குப் பஸ்ஸே இல்ல.

துவரங்குறிச்சியிலிருந்து ஒரு நாவல்

திருச்சியிலிருந்து மதுரை போற ரோட்டுல துவரங்குறிச்சி வரும். கவிஞர் சல்மாவோட ஊர். பதின்மூணு வயசு வாக்குல அவங்க பள்ளிக்கூடம் நின்னு போச்சு. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா வீட்டுக்குள்ளதான். கைக்குக் கிடைச்ச புத்தகத்தையெல்லாம் படிச்சிருக்காங்க. மளிகைச் சாமான் சுத்தி வந்த தாளைக்கூட விடலைன்னு அவங்களே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ராத்திரி எல்லாரும் தூங்கினதும் குளியலறையில நின்னுக்கிட்டே துண்டுத் தாள்ல கவிதை எழுதியிருக்காங்க. அந்தத் தாள்கள் அவங்க அம்மா மூலமா வெளியே போய் அச்சுல வந்துச்சு. 'சல்மா'ங்கறதே யாரும் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு வெச்சுக்கிட்ட பேர்தான். பின்னாடி அவங்க பேரூராட்சித் தலைவரானாங்க, 2025ல மாநிலங்களவைக்கும் போனாங்க. ஆனா எனக்கு அந்தக் குளியலறைதான் மனசை விட்டுப் போகல. கதவைத் தாழ் போட்டுக்க முடிஞ்ச ஒரே இடம் அது.

அவங்களோட 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004ல வந்த நாவல். நான் இந்த வருஷம்தான் படிச்சேன். தடிமனான புத்தகம், என் கணக்குல ஒரு மாசத்துக்கு மேல இழுத்துச்சு. ஒரு ஊர், அங்க நாலஞ்சு வீடு, அந்த வீட்டுப் பெண்கள். பெரிய திருப்பம்னு எதையும் தேடாதீங்க. யார் வாசலைத் தாண்டலாம், யார் தாண்டக் கூடாதுங்கறது எவ்வளவு சாதாரணமா, சிரிப்பும் சாப்பாடுமா முடிவாகுதுன்னு காட்டுது. நிறைய பாத்திரங்கள் வரும். முதல் ரெண்டு நாள் ஒரு தாள்ல பேர்களை எழுதி வெச்சுக்கோங்க.

அம்மாவும் ரேவதியும்

எங்க அம்மா நல்லாப் படிப்பாங்க. ஆனா நான் பார்த்தவரைக்கும் எப்பவும் துண்டு துண்டாத்தான் படிச்சிருக்காங்க. குக்கர் நாலு விசில் வர்றதுக்குள்ள ரெண்டு பக்கம். அதனால இந்த வருஷம் வீட்டுல ஒரு ஏற்பாடு. ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டரையிலிருந்து நாலரை வரைக்கும் அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது. பாத்திரம் தம்பியோடது, சாயங்கால டிபன் அப்பாவோடது. அப்பா முதல் வாரம் பண்ணின உப்புமாவைப் பத்தி இங்க பேச வேண்டாம்.

முதல்ல சுஜாதாவோட 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கொடுத்தேன். ஒரே மூச்சுல முடிச்சாங்க. "இந்த வீதியில இப்படி ஒரு வீடே கிடையாதுடி"ன்னு எழுத்தாளரோட சண்டை வேற. தெரிஞ்ச ஊரைப் பத்தின புத்தகத்துல ஆரம்பிக்கிறது ரொம்ப நல்ல வழி. வாசிப்பு விட்டுப் போனவங்களுக்கு அதைக் கொடுத்துப் பாருங்க.

அடுத்தது இமையத்தோட 'செல்லாத பணம்'. 2020க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கின நாவல். ரேவதி இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு. வீட்டை எதிர்த்து, ஆட்டோ ஓட்டுற ரவியைக் கல்யாணம் பண்ணிக்கிறா. ஒரு நாள் தீக்காயத்தோட ஜிப்மர் மருத்துவமனைக்கு வர்றா. கதை பெரும்பாலும் அந்தத் தீக்காயப் பிரிவு வாசல்லதான் நடக்குது. பணம் இருக்கு, ஆனா அந்த வாசல்ல அது செல்லல. படிக்கக் கஷ்டமான புத்தகம். மனசு சரியில்லாத நேரத்துல எடுக்காதீங்கன்னு சொல்லி வைக்கிறேன்.

அம்மா மூணு ஞாயிறு படிச்சாங்க. மூணாவது ஞாயிறு நாலரைக்கு வெளியே வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அந்தப் பொண்ணு நல்லா இருக்கும்போதே வீட்டுல யாராவது அவளை உட்கார வெச்சுப் பேசியிருக்கலாம் இல்லையா?"

எங்க சொந்தத்துலயும் ஒரு அக்கா இருக்காங்க. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவங்க. ஆறு வருஷமா யாரும் பேச்சு வெச்சுக்கல. அன்னைக்குச் சாயங்காலம் அம்மா அவங்க நம்பரை என்கிட்ட கேட்டு வாங்கி, மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு நான் கேட்கல. கீழே வந்து, "அவளுக்கு ரெண்டு பசங்களாம்"னு மட்டும் சொன்னாங்க.

குக்கர் விசிலுக்கு நடுவுல ரெண்டு ரெண்டு பக்கமா அந்த நாவலைப் படிச்சிருந்தா இது நடந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். படிச்சது மனசுல இறங்க, படிக்கிற நேரத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேணும். அந்தக் கூடுதல் நேரத்தை நம்ம வீடுகள்ல சிலருக்கு யாருமே கொடுக்கிறதில்ல.

கடைசியா ஒண்ணு

இப்போ என் பையில இருக்கிறது தேவிபாரதியோட 'நீர்வழிப் படூஉம்'. 2023 சாகித்ய அகாதெமி விருது. கொங்குப் பகுதியில ஒரு குடிநாவிதர் குடும்பம். காரு மாமாவோட சாவுக்குச் சொந்தங்கள் கூடுற இடத்துல தொடங்கி, அவங்க பட்ட பாடெல்லாம் மேல வருது. அளவுல சின்னது, முதல் முறை நாவல் எடுக்கிறவங்களுக்குத் தோது. தலைப்பு கணியன் பூங்குன்றனார் பாட்டுலேர்ந்து வந்தது. படிச்சு முடிச்சுட்டு அந்தப் புறநானூற்றுப் பாட்டைத் தேடிப் பாருங்க, பள்ளிக்கூடத்துல படிச்சது வேற மாதிரி கேட்கும்.

சரி, இந்த வாரத்துக்கு ஒரு வேலை தர்றேன். உங்களுக்கு 15 பக்கம் எங்க கிடைக்கும்னு பாருங்க. பஸ்ஸோ, ஹாஸ்டல் மாடியோ, டீ பிரேக்கோ, ஏதோ ஒண்ணு கிடைக்கும். அதோட, உங்க வீட்டுல படிக்க ஆசை இருந்தும் நேரம் இல்லாத ஒருத்தரைக் கண்டுபிடிங்க. அம்மா, பாட்டி, அண்ணி, யாராவும் இருக்கலாம். புத்தகம் வாங்கிக் கொடுக்கறது சுலபம், அது அலமாரியில போய் உட்கார்ந்துக்கும். கூடவே ரெண்டு மணி நேரமும் கொடுங்க. பாத்திரத்தை நீங்க தேய்ங்க.

அவங்க என்ன படிச்சாங்க, படிச்சுட்டு என்ன கேட்டாங்கன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அந்தக் கேள்விகளை வெச்சுப் பேசலாம்.